பந்தியில் உட்காராத அருமைநாயகம்

தாழைக்குடியிருப்பு சபையில் அருமைநாயகத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை. அந்த வேலையை அவரே முழுநேரமாகப் பார்த்து வந்தார். பிறருக்கென்று ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

ஆளைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய பாவி என்று தோன்றாது. ஒல்லியான உடம்பு, கொஞ்சம் முன்னால் வளைந்த கழுத்து, சிரித்தால் தானாக மூடிக்கொள்ளும் கண்கள். தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் தென்கால் வாய்க்கால் கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர் அது. அதற்கு அந்தப் பக்கம் செம்மணல் தேரியும் பனைகளும்தான். வாய்க்காலின் ஓரத்தில் அவருக்கு ஒரு துண்டு வாழைத்தோட்டம் இருந்தது. தேரிப் பக்கம் நாலைந்து பனைகள் இருந்தன. மனைவி ஜெபகனி நல்ல மனுஷி, கைச்சுறுசுறுப்புக்காரி. ஒரே மகளை நாசரேத்துப் பக்கம் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தாயிற்று. நிம்மதியாக இருக்க ஒரு மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அவர்தான் இருக்க மாட்டேன் என்றார்.

கோவிலுக்குள் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. தெற்குச் சுவரை ஒட்டிய இரண்டாவது தூணுக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்தால் பிரசங்கம் பாதிதான் கேட்கும், பாதிரியார் ஐயர் முகம் தெரியவே தெரியாது. ஆனால் பீடத்துக்குப் பக்கத்தில் கர்த்தர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் கறுப்பு எழுத்தில் எழுதி மாட்டியிருந்த பலகையில், ஒன்பதாவது கற்பனை அந்தத் தூணில் மறைந்து போகும். மற்ற ஒன்பதையும் அவர் தைரியமாகப் பார்ப்பார். பொய்ச்சாட்சி பற்றிய அந்த ஒன்றைத்தான் அவரால் பார்க்க முடியாது.

விஷயம் இதுதான். அவருடைய அக்காள் புருஷன் வேதநாயகமும், தேவதாசன் என்பவரும் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிணறு. இவர் முறைக்கு இவர் இறைப்பார், அவர் முறைக்கு அவர் இறைப்பார். தகப்பன்மார் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. வேதநாயகத்துக்குக் கிணறு முழுவதும் வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் கோர்ட்டுக்குப் போவது நம் சீமைக்காரர்களுக்குக் கோவிலுக்குப் போகிற மாதிரிதான். வழக்குப் போட்டார். வழக்குக்குச் சாட்சி வேண்டுமே என்று பார்த்தபோது மச்சினன் கண்ணில் பட்டார்.

அதுவரை அருமைநாயகத்தை எந்தக் காரியத்துக்கும் யாரும் கூப்பிட்டது கிடையாது. கல்யாணப் பேச்சு என்றாலும் சபைக் கூட்டம் என்றாலும் அவர் ஓரத்தில் நிற்கிற ஆள். அப்பேர்ப்பட்டவரை வேதநாயகம் வில்வண்டியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துப் பாளையங்கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் குடும்ப விஷயங்களில் அவரிடம் யோசனை கேட்டார். வக்கீல் நாற்காலி போடச் சொன்னார். அந்த நாற்காலியில்தான் மனுஷன் விழுந்தார். மறுநாள் கூண்டில் ஏறி, வேதபுத்தகத்தைக் கையில் வாங்கி முத்தமிட்டு, தேவதாசனின் தகப்பனார் சாவதற்கு முன்னால் தன் தண்ணீர் முறையை வேதநாயகத்துக்கே விட்டுக்கொடுத்ததைத் தன் இரண்டு காதாலும் கேட்டதாகச் சொன்னார். கேட்டதில்லை. கேட்க அங்கே அப்படியொரு பேச்சே நடந்ததில்லை.

தீர்ப்பு வேதநாயகம் பக்கம் வந்தது. தேவதாசனின் வாழைகள் பங்குனி வெயிலில் ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்தன. அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் அருமைநாயகம் தன் தோட்டத்துக்குப் போக வேண்டும். முதலில் வேகமாக நடந்து பார்த்தார். பிறகு தேரியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் நேரே ஐயர் வீட்டுக்குப் போய், தான் சொன்னது பொய் என்று சொல்லி அழுதுவிட்டார்.

அந்தக் காலத்தில் சபை ஒழுங்கு கடுமையானது. அவரை நற்கருணை அப்பம் வாங்குவதிலிருந்து சில மாதத்துக்கு விலக்கிவைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று, செய்ததைச் சொல்லி, தேவதாசனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அருமைநாயகம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தார். அடிப்பார், துப்புவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று மனசில் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போனார். செய்ததைச் சொல்லி முடித்தார். தேவதாசன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“சரிவே, மன்னிச்சுட்டேன். போய் உக்காரும்.”

அவ்வளவுதான். தேவதாசன் உட்கார்ந்துவிட்டார், ஐயர் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார், சபை பாட ஆரம்பித்துவிட்டது. அருமைநாயகம் மட்டும் நின்றுகொண்டேயிருந்தார். மலையைத் தூக்கத் தோளைக் கொடுத்தவனிடம் ஒரு கூடைப் பூவைக் கொடுத்தது போல இருந்தது அவருக்கு. ஒரு மனுஷனின் தோட்டத்தைக் காயவைத்ததற்கு விலை இவ்வளவுதானா? அவரால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தேவதாசன் போன தோட்டத்தை நினைத்து அழுதுகொண்டிருந்தாலாவது ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ இருந்த ஜோடி மாட்டை வண்டியில் பூட்டி, உடன்குடிக்கும் தூத்துக்குடிக்கும் கருப்பட்டி ஏற்றத் தொடங்கிவிட்டார். நாலு ஊர் பார்க்கிற, நாலு பேரிடம் வாயடிக்கிற அந்தத் தொழில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு எத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். வண்டியில் வரும்போது ஞானப்பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு வருவார். அந்தப் பாட்டு காதில் விழும்போதெல்லாம் அருமைநாயகம் கூனிக் குறுகிப் போவார்.

தண்டனை தேடி அவர் அலைந்தது கொஞ்சமல்ல. வக்கீலிடம் போய், தான் சொன்னது பொய்ச்சாட்சி, கோர்ட்டில் சொல்லி என்னை ஜெயிலுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். தன் பிழைப்பும் சேர்ந்து போய்விடுமே என்று வக்கீல் பதறி, குமாஸ்தாவை விட்டு அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார். வேதநாயகத்திடம் போய், கிணற்றுமுறையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிக் காலைப் பிடித்தார். அவர் அன்றைக்கு முகம் திருப்பியவர்தான், அப்புறம் சாகும்வரை மச்சினனோடு பேசவில்லை. ஒரு கோடையில் அந்தக் கிணற்றில் ஊற்றும் அடைத்துப் போயிற்று. ஆக, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் தயாராயில்லை.

யாரும் தண்டனை தராததால் தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டார். நற்கருணைக்குப் போவதில்லை. சபையின் அசனத்தில் ஒரு பருக்கை தொடுவதில்லை. சபை அவரை மறுபடி சேர்த்துக்கொண்ட பிறகும் அந்தத் தீர்ப்பை அவர் மாற்றவில்லை.

அசனம் என்றால் ஊருக்கே பெரிய நாள். வருஷத்துக்கு ஒரு தடவை, கோவில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் காயும் கொண்டுவந்து கொட்டுவார்கள். வசதியுள்ளவர்கள் கிடா கொடுப்பார்கள். எல்லாம் ஒரே அடுப்புக்குப் போய் ஒன்றாக வேகும். யாருடைய அரிசி யார் இலைக்கு வருகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தோட்டக்காரரும் பனையேறியும் வண்டிக்காரரும் ஒரே வரிசையில் மணலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. எல்லோரும் உட்காரும்வரை சோறு இறங்காது. இலையில் விழுந்ததைக் குறை சொல்லக் கூடாது. கர்த்தர் பெயரில் போடுகிற சாப்பாடு, அதில் நொட்டை சொல்ல நாம் யார் என்பார்கள்.

அருமைநாயகம் தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்ட வருஷம்தான், அதுவரை அசனத்துக்குச் சமைத்துவந்தவர் கண்மங்கிப்போய் விலகிக்கொண்டார். அந்த வேலையை இவர் தாமாகக் கேட்டு வாங்கினார். சாப்பிடத்தான் தகுதியில்லை, சாப்பிடுகிறவர்களுக்காகப் புகையில் வேகவாவது செய்வோம் என்று எண்ணம். கிழவரிடம் போய் அரிசிக்கு இவ்வளவு, கறிக்கு இவ்வளவு, மிளகாய்க்கும் உப்புக்கும் இத்தனை சிரட்டை என்று எல்லா அளவையும் கேட்டு மனப்பாடம் பண்ணினார். கருக்கலில் எழுந்து மணலில் அடுப்பு தோண்டி, கிடாரத்தை ஏற்றி, துடுப்பைக் கையில் எடுத்தாரானால் பக்கத்தில் ஒரு ஈ காக்காயை அண்டவிட மாட்டார். ருசி பார்ப்பதும் சாப்பிடுவதில்தான் சேர்த்தி என்பதால் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் படவிட மாட்டார். எல்லாம் மூக்கும் கண்ணும்தான். பந்தி உட்காரும் நேரம் பார்த்துத் தேரிப் பக்கம் நழுவிவிடுவார். அடுப்பங்கரை ஆளைப் பந்தியில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. எல்லோரும் எழுந்தபிறகு வந்து கிடாரத்தைத் தேய்ப்பார்.

சாப்பிட்டு வருகிறவர்களெல்லாம், குழம்பு பிரமாதம் அருமைநாயகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்போது மட்டும் அவர் கண்கள் மூடிக்கொண்டு ஒரு சிரிப்பு வரும். வருஷத்தில் அந்த ஒரு நாள், கடனில் கொஞ்சம் தீர்த்துவிட்டோம் என்று தோன்றும். மறுநாள் அந்தத் தோற்றம் போய்விடும்.

ஜெபகனிக்குத்தான் பெரிய வருத்தம். மாதாமாதம் நற்கருணை ஆராதனையில் ஆண்கள் எழுந்து பீடத்தண்டை போவார்கள். அவரவர் வீட்டுக்காரர் போய் வந்ததைப் பார்த்துவிட்டுப் பெண்கள் எழுவார்கள். இவள் எழும்போது தெற்குத் தூணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அவர் தனக்கு முன்னால் எழுந்து போய் முழங்காலிடுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பது அவள் ஜெபம். கேட்டுப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்காததால் பேசாமல் இருந்து பார்த்தாள். அதற்கு மட்டும் அவர் நன்றி சொன்னார்.

புதிதாக ஒரு ஐயர் வந்தார். பாளையங்கோட்டையில் படித்த இளவயதுக்காரர். விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு சாயங்காலம் தோட்டத்துக்கே போனார். இரட்சிப்பு என்பது நாம் உழைத்துச் சேர்ப்பதல்ல, சும்மா கொடுக்கப்படுவது, அதற்குக் கிருபை என்று பெயர், வாங்கிக்கொள்வது ஒன்றுதான் நம் வேலை என்று வாழைக்கு வாழை நின்று விளக்கினார். அருமைநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஞானோபதேசத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை.

“எல்லாம் மெய்தான் ஐயரே. மத்தவுகளுக்கு அது போதும். எனக்குச் சும்மா வாங்கிப் பழக்கமில்ல.”

ஐயர் ஒரு வாழைத்தாரைப் பார்த்து நன்றாக விளைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

இப்படியே ஓடியிருக்கும். இடையில் தேவதாசனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐப்பசி மழையில் வண்டியோடு நனைந்து வந்து படுத்தவர், மாதக்கணக்கில் எழவில்லை. ஊரே ஜெபம் பண்ணியது. பிழைக்க மாட்டார் என்றுகூட ஒரு நாள் பேச்சு வந்தது. அன்றைக்கு அருமைநாயகம் அவர் வீட்டு வாசல்வரை போய், உள்ளே போகக் கால் வராமல், கொண்டுபோன வாழைப்பூவை வேலியில் வைத்துவிட்டு வந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தேவதாசன் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த மனுஷனை இப்படியே விட்டுவிட்டுச் செத்தால் தனக்குப் பரலோகத்தில்கூடத் தூக்கம் வராது என்று அவருக்குப் பட்டது. எழுந்தால் இதற்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானித்துக்கொண்டார்.

எழுந்துவிட்டார். எலும்பும் தோலுமாக, கம்பு ஊன்றி நடமாடத் தொடங்கினார். அந்தத் தை மாதம் பண்டிகை வந்தது. வெள்ளைக்காரச் சீமையில் பெரிய சண்டை மூண்ட வருஷம் அது. ஆனால் தையில் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஊரில் நல்ல விளைச்சல். கிடாக்களும் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. அருமைநாயகம் கருக்கலிலிருந்தே புகைக்குள் நின்றார். உச்சிவெயிலுக்குச் சோறு வடித்து ஓலைப்பாய்களில் குவித்தாயிற்று. குழம்பு கொதித்து இறங்கிற்று. மணி அடித்தது.

ஜனங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். இலைகள் விரித்தாயிற்று. ஐயர் ஜெபம் பண்ணி முடித்து, அங்கியை ஒதுக்கிக்கொண்டு தம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் சோற்றுக்கூடையைத் தூக்கினார்கள். அப்போதுதான் ஆண்கள் வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் நிற்பதைப் பார்த்தார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு தேவதாசன் நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு இலைகள் விரித்திருந்தன.

யாரும் நிற்கையில் சோறு இறங்காதே. கூடைக்காரர்களும் நின்றார்கள். ஐயர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா, உட்காரச் சிரமமா என்று கேட்டார். தேவதாசன் நிதானமாகப் பதில் சொன்னார். தமக்கு உடம்பெல்லாம் சௌக்கியம்தான், பக்கத்து இலைக்காரர் இன்னும் வரவில்லை, அவர் வந்ததும் இருவருமாக உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். பக்கத்து இலைக்காரர் யார் என்று கேட்டதற்கு, தேரிப் பக்கம் பைய நகர்ந்துகொண்டிருந்த ஒரு முதுகைக் கம்பால் சுட்டிக் காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பிற்று. அருமைநாயகம் துடுப்போடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு வேறு வழியில்லாமல் வரிசை ஓரம்வரை வந்தார். அவருக்கு முகம் வெளிறியிருந்தது.

“காச்சல்ல கிடந்த உடம்பு. வெயில்ல நிக்காதீரும்வே. உக்காரும்.”

“நீரு உக்காந்தா நானும் உக்காருதேன்.”

“என்னால ஏலாது. உமக்குத் தெரியும்.”

“அப்பம் நிக்குதேன். இங்கனயே விழுந்து செத்தாலும் சரி. அதையும் சேத்து நீருதான் சுமக்கணும் பாத்துக்கிடும்.”

பெண்கள் பக்கம் யாரோ சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அருமைநாயகம் ஐயரைப் பார்த்தார். ஐயர் தம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபகனியைப் பார்த்தார். அவள் இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தன. ஓலைப்பாயில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. காக்கைகள் கிட்டே வந்து பார்த்தன. தேவதாசனின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது இவர் கண்ணுக்கே தெரிந்தது. இந்த மனுஷனைத் தன்னால் இரண்டாம் தரம் விழவிட முடியாது என்பது மட்டும் அருமைநாயகத்துக்கு அந்த நேரத்தில் உறுதியாகத் தெரிந்தது. துடுப்பைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். வந்து உட்கார்ந்தார். தேவதாசனும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மணலில் இறங்கினார்.

சோறு வந்தது, குழம்பு வந்தது. தன் கையால் சமைத்ததை அருமைநாயகம் முதல் தடவையாகத் தன் இலையில் பார்த்தார். கண்ணை மூடி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

உப்பு இல்லை.

துக்கத்தில் நாக்கு செத்துப்போயிற்று என்று முதலில் நினைத்தார். இன்னொரு வாய் போட்டார். கறியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பேருக்கு ஒரு கரிப்பு எங்கோ தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். சப்பென்று இருந்தது. இத்தனை கிடாவையும் இத்தனை தேங்காயையும் பாழாக்கிவிட்டோமே என்று பதறினார். எழுந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தலையைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே இருந்துவிட்டார். அவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்த பனையேறி, மடியிலிருந்து ஒரு சின்ன ஓலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உப்பைச் சோற்றில் தூவிப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. எதிரே பெண்கள் வரிசையில் முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன. தாய்மார் முதலில் பிள்ளைகளின் இலையில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் பிறகு தங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள். ஐயர் அங்கிப் பைக்குள் விரலை விட்டு எடுத்து, யாரையும் பார்க்காமல் தம் குழம்பில் உதறினார். யாரும் ஒளிக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. இலை போட்டதும் தண்ணீர் தெளித்துக்கொள்வது போல, நெடுநாள் பழகின காரியமாக அதைச் செய்தார்கள். ஜெபகனியும் முடிச்சை அவிழ்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்ப்பதைக் கண்டு கை அப்படியே நின்றது.

தேவதாசன் தம் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அருமைநாயகத்தின் இலை ஓரத்தில் வைத்தார்.

எத்தனை வருஷமாக இப்படி என்று அருமைநாயகம் கேட்டார். முதல் வருஷத்திலிருந்தே என்றார் தேவதாசன். அந்த வருஷம்தான் சபைக்குப் புதுக் கிடாரம் வந்தது, பழையதைப் போல இரண்டு பங்கு பெரியது. கிழவர் சொல்லிக் கொடுத்ததோ பழைய கிடாரத்து அளவு. அரிசியும் கறியும் கொள்ளுமட்டும் கூடிக்கொண்டே போயின, மிளகாயை நிறமும் வாசமும் பார்த்துக் கூட்டிக்கொண்டார், உப்பு மட்டும் அதே சிரட்டையில் நின்றுவிட்டது. ருசி பார்க்கிற சமையல்காரராக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஜெபகனி ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் போடப் பார்த்தாளாம். இவர் கையைப் பிடித்து, அளவு தெரியாமல் கெடுத்துவிடாதே என்று விரட்டிவிட்டாராம். அது அருமைநாயகத்துக்கு நினைவு இருந்தது. அன்றைக்கு அவளைக் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசியிருந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? யாரு இத ஆரம்பிச்சது?”

“நான்தான்.” தேவதாசன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “மன்னிச்சுட்டேன்னு சொன்னேன், நீரு நம்பல. துடுப்பப் பிடிச்சிக்கிட்டு புகைக்குள்ள நிக்கீரு. கொழம்பு நல்லால்லன்னு வேற சொன்னா மனுசன் எங்கன போவாரு? நம்புத அன்னைக்கு நம்பட்டும், அதுவரைக்கும் அவங்கவங்க உப்பக் கொண்டாந்துருவோம்னு சொல்லிட்டேன்.”

அருமைநாயகம் வரிசையை ஒரு தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். இத்தனை வருஷமும் தான் ஏதோ கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். கொடுத்தது ஒன்றுமில்லை. இவர்கள்தான் வருஷம் தவறாமல் மடியில் முடிந்துகொண்டு வந்து, இவர் குறையை நிரப்பிச் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் தேரிக்குள் ஒளிந்திருந்த நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. முதலில் வெட்கம் வந்தது, உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அத்தனை பேரும் அவ்வளவு ஆனந்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பது? அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பிற்று. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அவற்றின் வழியாகக் கண்ணீர் வழிந்து குழம்பிலேயே விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

இலை ஓரத்தில் இருந்ததைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு வலதுகையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, தேவதாசனிடம் நீட்டினார்.

“பத்தல. இன்னும் கொஞ்சம் தாரும்வே.”

“கையில உப்பு வாங்கினா சண்டை வரும்பாங்களே.”

“நமக்குள்ள வர வேண்டியதெல்லாம் வந்து முடிஞ்சாச்சி. தாரும்.”

தேவதாசன் பொட்டலத்தையே அவர் கையில் கவிழ்த்தார். அருமைநாயகம் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டார். சோறு இரண்டு தரம் கேட்டார், கறி மூன்று தரம் கேட்டார். கேட்பது அவருக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று யாரும் நினைத்ததில்லை. பந்தி முடிந்து கை கழுவப் போகும் வழியில் ஐயரைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை நற்கருணை உண்டுதானே என்று சாதாரணமாகக் கேட்டார். உண்டு என்றார் ஐயர். அப்படியானால் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கிடாரம் தேய்க்கப் போனார்.

எதிர்வரிசையில் ஜெபகனி இன்னும் எழுந்திருக்கவில்லை. உப்பு அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள மறந்துபோய், வெறும் சப்பைக் குழம்பை, அழுதுகொண்டே, வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.